கொம்பனியை மாற்ற நமக்கு உரிமை இல்லையா?

காப்புறுதி முகவர்கள் சிலர் கொழும்பிலே தமக்கென ஒரு புதிய சட்டத்தை இயற்றி வைத்திருக்கின்றனர். பாராளுமன்றம் அதனை நிறைவேற்றவில்லை. வர்த்தமானியில் அது வெளிவரவுமில்லை. ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நுகேகொடையிலும் கார் வைத்திருக்கும் நம்மவர் பலர் அதற்கு அஞ்சி நடக்கின்றனர். "உங்கள் விபத்துக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. இந்த வேளையில் வேறு கொம்பனிக்குப் போனால் அந்தப் பணம் கைக்கு வராது" என்பதே அச்சட்டம்.

இது பொய் என்று நாம் கூறுகின்றோம். அறியாமையாற் சொல்லப்படுவதாயின் அறியாதவன் காப்புறுதி விற்க வரலாகாது. அறிந்தே சொல்லப்படுவதாயின் அதற்கு மோசடி என்பதே பெயர்.

ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். வெள்ளவத்தைவாசியான ஒரு கணக்காளரின் காப்புறுதிப் பத்திரம் மார்ச் மாதம் 31ஆம் நாளுடன் முடிகின்றது. மார்ச் 10ஆம் நாள் நுகேகொடையில், ஹைலெவல் வீதியிலே, மேம்பாலத்தைவிட்டு இறங்குகையில், தனியார் பஸ் ஒன்று அவரது காரின் பின்புறத்தில் மோதி விடுகின்றது. கொம்பனியின் மதிப்பீட்டாளர் வருகின்றார், படம் பிடிக்கின்றார், போய்விடுகின்றார். கராஜ்காரர் உதிரிப் பாகங்களுக்காகக் காத்திருக்கின்றார். கொம்பனியோ கராஜ்காரரின் கணக்குக்காகக் காத்திருப்பதாகச் சொல்லுகின்றது. இவ்வாறு ஒருவரையொருவர் பார்த்துக் காத்திருக்கையில் மார்ச் 31 வந்துவிடுகின்றது. கணக்காளர் மனம் வெறுத்து வேறு கொம்பனிக்குச் செல்ல எண்ணுகின்றார். அப்பொழுதுதான் முகவர் மேற்படி 'சட்டத்தை' எடுத்து ஓதுகின்றார்.

அந்தக் கணக்காளர் சென்ற ஆண்டு கொடுத்த கட்டுப்பணத்துக்கு வாங்கியது எதனை? அந்த ஓராண்டினுள் நேரும் விபத்துக்கு இழப்பீடு தருவோம் என்ற வாக்கினையன்றோ? மார்ச் 10ஆம் நாள் அந்த வாக்கு உயிருடன் இருந்தது. பஸ் மோதிய அக்கணத்திலேயே கொம்பனியின் கடன் பிறந்துவிட்டது. ஏப்ரல் முதலாம் நாள் அவர் எந்தக் கொம்பனியின் வாசலில் நின்றாலென்ன, அல்லது காரையே விற்றுவிட்டு ரயிலிற் போனாலென்ன, பிறந்த கடன் பிறந்ததுதான். சென்ற காலபோகத்தில் ஒருவரின் குத்தகைக் காணியை உழுது விளைத்தவன், இந்தச் சிறுபோகத்தில் வேறொருவரின் காணியை எடுத்தால், களத்திற் கிடக்கும் சென்ற போகத்து நெல் அவனுக்கு இல்லாமற் போய்விடுமோ? பரந்தனிலும் வவுனியாவிலும் உள்ள எந்தக் கமக்காரனும் இதற்கு விடை சொல்லுவான். கொழும்புக் கந்தோர்களில் இருப்போருக்குத்தான் விடை தெரியவில்லை.

இந்த வாதம் இன்னும் தொலைவு செல்லும். அந்த விபத்தில் வீதியிற் சென்ற ஒருவர் காயமுற்றார் என வைத்துக்கொள்வோம். அவர் உடனே வழக்குத் தொடரவேண்டும் என்பதில்லை. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இத்தகைய நட்டஈட்டு வழக்குகளுக்கு இரண்டு ஆண்டுத் தவணை கொடுத்திருக்கின்றது. இருபதாவது மாதத்திற் கூட வழக்கு வரலாம். அதற்குள் கணக்காளர் இரண்டு கொம்பனிகள் மாறியிருக்கவும் கூடும். எனினும் அந்த வழக்கை எதிர்கொண்டு நிற்க வேண்டியது விபத்து நாளில் பொறுப்பேற்றிருந்த கொம்பனியே. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்பாருக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியதும் இத்தகைய ஏழைப் பாதசாரியை எண்ணித்தான். கொம்பனி மாறியதும் பழைய பொறுப்பு அழியுமாயின் அச்சட்டமே வெறுங் காகிதமாகிவிடும்.

ஆகவே மாறுபவர் இழப்பீட்டை இழப்பதில்லை. ஆயின் அவர் செய்ய வேண்டிய கடமைகள் சில உண்டு. பழைய கொம்பனி கேட்கும் பத்திரங்களைக் கொடுத்தல் வேண்டும். வாகனத்தைப் பரிசோதிக்க விடுதல் வேண்டும். வழக்கு அழைப்பாணை வந்தால் அன்றே அறிவித்தல் வேண்டும். இவை உறவு முறிந்த பின்னரும் நிற்கும் கடமைகள். மாறிவிட்டோமே என்று பழைய கொம்பனியின் கடிதத்தைப் பிரியாமலே எறிபவர் தம் வாயில் தாமே மண்ணைப் போட்டுக்கொள்கின்றார்.

இந்நாட்டுக் காப்புறுதியின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பவர்களுக்கு, இந்த அச்சம் எங்கிருந்து வந்ததென்பது விளங்கும். 1961ஆம் ஆண்டிலே காப்புறுதிக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது. 1962 சனவரி முதல் ஆயுட் காப்புறுதியும், 1964 சனவரி முதல் மோட்டார் உள்ளிட்ட பொதுக் காப்புறுதியும் அரசின் ஒரே கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாயின. அந்நியக் கொம்பனிகள் இலாபத்தைக் கப்பலேற்றிச் சென்ற காலத்துக்கு அது ஒரு முடிவு கட்டியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் ஏறக்குறையப் பதினாறு ஆண்டுகள், கோரிக்கை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், மாறிச் செல்வதற்கு இந்தத் தீவில் வேறு வாசலே இருக்கவில்லை. பின்னர் இரண்டாவது கூட்டுத்தாபனம் ஒன்று வந்தது, அதுவும் அரசினுடையதே. 1988 அளவிலேதான் தனியார் கொம்பனிகளுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. 2003இல் அரசு தன் கூட்டுத்தாபனத்தையே விற்றது. அந்த விற்பனை செல்லாது என்று 2009 சூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. உரிமையாளரே இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்தபோதும் அக்கூட்டுத்தாபனம் எழுதிய பத்திரங்களின் கடன் அழியவில்லை. கொம்பனி கைமாறினால் அழியாத கடன், வாடிக்கையாளன் கைமாறினால் மட்டும் அழியுமோ?

கதவு திறந்தது உண்மை. ஆனால் திறந்த கதவின் வெளியே நிற்பவரும் உத்தமர் அல்லர். இதுவரை பழைய கொம்பனியின் முகவரைச் சாடினோம். இனிப் புதிய கொம்பனியின் முகவரையும் சற்றுப் பார்ப்போம். அவர் சிரித்த முகத்துடன் வீட்டுக்கே வருகின்றார். படிவத்தைத் தாமே நிரப்புகின்றார். 'கடந்த ஆண்டுகளில் விபத்து அல்லது கோரிக்கை ஏதேனும் உண்டா?' என்ற வினாவுக்கு நேரே, கணக்காளரைக் கேளாமலே 'இல்லை' என்று எழுதுகின்றார். "அதைப் போட்டால் கட்டுப்பணம் கூடிவிடும், ஐயா! அது பழைய இடத்து விஷயந்தானே?" என்கின்றார். கணக்காளரும் கையொப்பமிடுகின்றார். முகவர் தம் தரகுப் பணத்துடன் படியிறங்கி விடுகின்றார். அந்த ஒரு 'இல்லை' அடுத்த விபத்து வரையில் படிவத்தினுள் உறங்கும். பின்பு எழுந்து கடிக்கும்.

காப்புறுதி என்பது முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்பது ஆங்கிலச் சட்டம் நமக்கு விட்டுச்சென்ற கோட்பாடு. 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு கூறிய தீர்ப்பே அதன் ஊற்று. சுமாத்திராத் தீவில் ஆங்கிலேயர் வைத்திருந்த ஒரு கோட்டையைப் பற்றிய வழக்கு அது. காப்புறுதி எடுப்பவன் தான் அறிந்த முக்கிய விடயங்களை மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்று அதில் விதிக்கப்பட்டது. கொம்பனிகளின் சட்டத்தரணிகள் இன்றும் இதனை வாய்ப்பாடாக ஓதுவர். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு. அந்த வழக்கில் வென்றவர் காப்புறுதி எடுத்தவரே. பணம் கொடுக்க மறுத்தவரே தோற்றார்! காப்புறுதி கொடுத்தவர் தாமே கேட்டறிந்திருக்கக் கூடியதைக் கேளாதிருந்துவிட்டுப் பின்னர் மறைத்தான் என்று குற்றஞ் சாட்டலாகாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். நம்பிக்கை இரு பக்கத்தாருக்கும் உரியது என்றே அப்பிரபு கூறினார். அவரது வாக்கியத்தின் ஒரு பாதியை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டகமிட்டு மாட்டிக்கொண்டவர்கள் நமது கொம்பனிக்காரர்.

இக்கோட்பாட்டைப் பெற்ற இங்கிலாந்தே பின்னர் அதனைத் திருத்திக்கொண்டது. 2012ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே ஒரு சாதாரண மனிதன், கேட்கப்பட்ட வினாக்களுக்குத் தக்க கவனத்துடன் உண்மை சொன்னாற் போதும். கேளாததை வலிந்து சொல்ல வேண்டியதில்லை. கவனக்குறைவால் ஒன்று விடுபட்டாலும் இழப்பீடு முழுவதும் அழிந்துவிடாது. சரியான கட்டுப்பணம் எவ்வளவாக இருந்திருக்கும் என்று பார்த்து அதற்கேற்பக் குறைக்கலாம். நமக்குக் கோட்பாட்டைக் கப்பலில் அனுப்பியவர்கள் திருத்தத்தை அனுப்பவில்லை. நம்மை ஆளுபவர்களும் அதைத் தேடிச் செல்லவில்லை.

ஆதலால் நம் வாசகர்க்கு நாம் கூறுவது இது. திறந்திருக்கும் கோரிக்கையைப் புதிய படிவத்திலே எழுதுங்கள். விபத்து நாள், இடம், பழைய கொம்பனி, கோரிக்கை இலக்கம், 'இன்னும் முடிவாகவில்லை' என்ற குறிப்பு, யாவும் உங்கள் கைப்பட இருக்கட்டும். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிரதி தர மறுக்கும் முகவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள், கட்டுப்பணம் கொடுக்காதீர்கள்.

பழுது திருத்தாத காரைக் கொண்டு போனால் புதிய கொம்பனி அந்த நெளிவையும் கீறலையும் படம் பிடித்து, இவை எம் பொறுப்பல்ல என்று எழுதிக்கொள்ளும். அது நியாயமே. பழைய காயத்துக்குப் புதிய வைத்தியன் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படங்களின் பிரதி நம்மிடமும் இருத்தல் நன்று. இல்லையேல் நாளை வலப்புறம் மோதினாலும் இடப்புறத்துப் பழைய நெளிவைக் காட்டித் தர்க்கம் செய்வார்கள்.

'நோ கிளெய்ம் போனஸ்' எனப்படும் கழிவைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டாண்டாக விபத்தின்றி ஓட்டியவனுக்குக் கட்டுப்பணத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை அது. கொம்பனியின் தானமன்று, ஓட்டுநரின் ஒழுக்கத்துக்குக் கிடைத்த கூலி. மாறிச் செல்பவர் பழைய கொம்பனியிடமிருந்து அதற்கான கடிதம் பெற்றாக வேண்டும். இங்கேதான் பழைய கொம்பனி தன் கைவரிசையைக் காட்டும். கோரிக்கை திறந்திருக்கின்றது என்று சொல்லிக் கடிதத்தைத் தாமதிக்கும். அல்லது கழிவு முழுவதும் போயிற்று என்று எழுதும். பின்னால் வந்து மோதியவன் பஸ்காரன். பொலிசார் குற்றஞ் சாட்டியதும் அவன்மேல். நின்ற காரை ஓட்டியவர் ஏன் தம் கழிவை இழக்க வேண்டும்? தவறு எவர்மேல் என்பது முடிவாகும்வரை கழிவு 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று எழுதலாம். 'இழக்கப்பட்டது' என்று எழுத எந்த நியாயமும் இல்லை. எதிர்த் தரப்பிடமிருந்து பணம் அறவிடப்பட்டால் கழிவைத் திருப்பித் தரவும் வேண்டும். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே ஆயிரக்கணக்கான ரூபா கிடக்கின்றது.

ஆண்டு முடியுமுன் நடுவிலே பத்திரத்தை முறித்துக்கொண்டு போக எண்ணுவோர் மட்டும் சற்றுப் பொறுத்தல் நன்று. அந்தக் காலத்துள் கோரிக்கை ஏதும் செய்திருந்தால் மிகுதிக் கட்டுப்பணம் திரும்பாது என்ற நிபந்தனை வழக்கமாகப் பத்திரத்தில் இருக்கும். அதனைப் படித்துப் பார்த்து, புதுப்பிக்கும் நாள்வரை காத்திருந்து மாறுவதே பணத்துக்கு நன்மை. ஆனால் ஒரு நாளாயினும் இரண்டு பத்திரங்களுக்கும் இடையில் வெளி விழலாகாது. காப்புறுதிச் சான்று இல்லையேல் வருமான அனுமதிப் பத்திரமும் கிடையாது. வீதியில் வாகனத்தை இறக்குவதும் குற்றமாகும்.

இந்த நாட்களில் ஏன் இத்தனை பேர் மாற விரும்புகின்றனர் என்பதையும் கேட்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிற்று. தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை மலைபோல் உயர்ந்தது. உதிரிப் பாகங்களின் விலையும் உடன் உயர்ந்தது. ஆனால் பத்திரத்தில் எழுதப்பட்ட பெறுமதி பலருக்குப் பழையபடியே கிடந்தது. 80 இலட்சம் பெறும் காரை 40 இலட்சத்துக்கு எழுதி வைத்திருந்தவர், 10 இலட்சம் ரூபா திருத்தக் கணக்குடன் சென்றபோது, விகிதாசார விதியைக் காட்டி 5 இலட்சமே தருவோம் என்ற விடை கிடைக்கக்கூடும். பெறுமதி உயர்ந்ததை ஆண்டுதோறும் கட்டுப்பணம் வாங்கிய கொம்பனி அறியாதிருந்ததோ? வாங்கும்போது ஊமையாகவும் கொடுக்கும்போது கணித மேதையாகவும் இருப்போரைக் கண்டுதான் மக்கள் வெளியேற நினைக்கின்றனர்.

கமக்காரனின் நிலை இதனினும் இழிந்தது. உழவு இயந்திரத்தையோ வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்கு வரும் லொறியையோ அவன் பெரும்பாலும் லீசிங் கொம்பனியிடம் பெறுகின்றான். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் எனப் பதியப்பட்டிருப்பது அந்தக் கொம்பனியே. இழப்பீட்டுக் காசோலையும் முதலில் அவர்கள் கண்ணுக்கே தெரியும். வேறு காப்புறுதிக் கொம்பனிக்குப் போகலாமா என்று கேட்டால், எங்கள் பட்டியலில் உள்ள கொம்பனியிலேயே எடுக்க வேண்டும் என்கின்றனர். அந்தப் பட்டியலில் தம் சகோதரக் கொம்பனி முதலிடத்தில் இருந்துவிட்டால் வியப்பொன்றுமில்லை. கடன் கொடுத்தவன் தன் கடனுக்குப் பாதுகாப்புத் தேடுவது முறை. ஆனால் தக்க காப்புறுதி எங்கே எடுக்கப்பட்டாலும் அவன் பாதுகாப்புக் குறைவதில்லை. பயிர்க் காப்புறுதி மதிப்பீட்டாளர் வெள்ளம் வடிந்த பின்பு வந்து வயலைப் பார்க்கும் கூத்தை நம் கமக்காரர் முன்பே அறிவர். லொறி விடயத்திலும் அதே கூத்தை இரண்டு கொம்பனிகள் சேர்ந்து ஆடுகின்றன.

இனி, யாவற்றுக்கும் மேலான குறைக்கு வருகின்றோம். நுகேகொடைப் பகுதியில் விபத்து நேர்ந்தால் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படுகின்றது. 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்ற வரியின் கீழே, ஒரு வரியும் விளங்காத தமிழர் கையொப்பமிடுகின்றார். கையில் தரப்படும் காப்புறுதிப் பத்திரமோ வழக்கமாக ஆங்கிலத்தில் நுண்ணெழுத்தில் இருக்கின்றது. சிங்களத்தில் வாக்குமூலம், ஆங்கிலத்தில் ஒப்பந்தம், விளம்பரத் தாளில் மட்டும் தமிழ்! இவ்விரண்டு காகிதங்களுக்கும் இடையே ஒரு சொல் முரண்பட்டால், 'நின்றிருந்த கார்' என்பது 'பின்னோக்கி வந்த கார்' என்று மாறிவிட்டால், இழப்பீடு போயிற்று, கழிவும் போயிற்று, பொய்யன் என்ற பெயருடன் அடுத்த கொம்பனிக்குச் செல்ல வேண்டியதுதான்.

இந்தக் கொடுமைக்குச் சட்டம் இடந் தரவில்லை. 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச அதிகாரியுடன் தமிழில் அலுவல் நடத்தவும், பதிவேட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பெறவும் உரிமையுடையவர். 1956இல் ஒரு மொழிச் சட்டத்தைக் கொண்டுவந்து நம்மை ஊமைகளாக்கினார்கள். அதனைத் திருத்துவதாகச் சொல்லி எழுதப்பட்ட உறுப்புரையை இன்று பொலிஸ் நிலைய மேசையில் யார் மதிக்கின்றனர்? தமிழறிந்த உத்தியோகத்தர் லீவில் இருக்கின்றார் என்ற விடையை எத்தனை ஆண்டுகளுக்குக் கேட்பது? விளங்காத வாக்குமூலத்தில் கையொப்பமிட நாம் மறுக்க வேண்டும். தமிழிலே சொல்லித் தமிழிலே எழுதச் செய்ய வேண்டும். இயலாதென்றால் தம் கைப்படத் தமிழில் எழுதிக் கொடுத்துப் பிரதிக்கு முத்திரை பெற வேண்டும்.

வீதியோரத்திலேயே காசு தரும் 'உடன் தீர்வு' முறையும் இதனோடு சேர்ந்தது. அவசரத்தில் நிற்பவரிடம் ஒரு தாளை நீட்டிச் சில ஆயிரம் ரூபாவையும் நீட்டுகின்றனர். அந்தத் தாளில் 'இதுவே முழுமையான, இறுதியான தீர்வு' என்றிருக்கும். மூன்றாம் நாள் கராஜில் தூக்கிப் பார்க்கையில் அடிச்சட்டம் வளைந்திருப்பது தெரியவரும். அப்பொழுது கோரிக்கை திறந்திருக்கவில்லை. நம் கையாலேயே மூடப்பட்டு விட்டது. உள்ளே என்ன பழுதென்று பாராமல் அந்தத் தாளில் எவரும் கையொப்பமிடலாகாது.

2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் காப்புறுதித் தொழிலை மேற்பார்வையிட ஒரு சபையை உண்டாக்கியது. 2017இல் அதன் பெயர் ஆணைக்குழு என்று உயர்த்தப்பட்டது. பெயர் உயர்ந்தது, உலக வர்த்தக மையத்துக் கோபுரத்தில் இருக்கையும் உயர்ந்தது. அங்கிருப்போரிடம் நாம் சில கேள்விகளை வைக்கின்றோம். திறந்த கோரிக்கையைக் காட்டி வாடிக்கையாளனைத் தடுத்து வைப்பது குற்றம் என்று எல்லாக் கொம்பனிகளுக்கும் ஏன் ஒரு பணிப்புரை விடுக்கலாகாது? கழிவுக் கடிதம் கேட்டவனுக்கு இத்தனை நாளினுள் கொடுக்க வேண்டும் என்று ஏன் நாள் குறிக்கலாகாது? படிவத்தை நிரப்பியவர் முகவராயின் அதிலுள்ள பிழைக்கு அவர் கொம்பனியே பொறுப்பு என்று ஏன் விதிக்கலாகாது? பத்திரம், படிவம், தீர்வுத் தாள் ஆகிய மூன்றும் கேட்பவர் மொழியில் இல்லாதவிடத்து, அவற்றிலுள்ள நுண்ணெழுத்தைக் கொம்பனி சாட்சியாகக் காட்ட முடியாது என்று ஏன் சொல்லலாகாது?

கொம்பனி மறுத்தால் முதலில் அதன் தலைமைக் கந்தோருக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கும் நீதி கிடையாவிடின் 2005 முதல் இயங்கிவரும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும், மேற்படி ஆணைக்குழுவும் உள்ளனர். குறைகேள் அதிகாரியிடம் முறையிடக் கட்டணம் இல்லை. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விடை வேறு மொழியில் வருமாயின் அதனையும் திருப்பியனுப்பித் தமிழில் கேளுங்கள்.